வெட்டுத்துணியும் கைவினை அணியும்

நமது சங்கப் பத்திரிகையை மாதந்தோறும் அன்புடன் வாசித்துவரும் சகோதர சகோதரிகளுக்கு, ஒரு சிறு பொருளைப் பற்றிய சரித்திரம் ஒன்றைச் சொல்லப் புகுகின்றோம். தையற்காரர் கத்தரித்து ஒதுக்கும் துணித்துண்டும், பழைய புடவையினின்று அறுத்தெடுத்த சரிகைக் கரையும், மிஞ்சிப்போன பட்டுநூலும் எவ்வாறு மகளிர் கூந்தலிலும் கழுத்திலும் அணியாக ஏறின என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம். "இது குழந்தைகள் விளையாட்டன்றோ, இதற்கும் ஒரு சரித்திரம் உண்டோ?" என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் இறுதிவரை படித்துவிட்டுப் பின்னர் நகைப்பார்களாக.

இவ்விஷயத்தை நாம் எண்ணத் தொடங்கியது எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தால் ஆகும். எம் பாட்டியாரின் கூறைப்புடவை அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் இருந்து, மடிப்புத்தோறும் இற்றுப்போயிற்று. பழஞ்சரிகை வாங்கும் வியாபாரி ஒருவர் தெருவழியே வந்தபோது, வீட்டார் அதனை எடுத்துக் காட்டினர். அவர் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினார். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். பின்னர்த் தராசில் இட்டார். "சரிகையிலுள்ள வெள்ளிக்குத்தான் விலை, பட்டுக்கு ஒன்றும் இல்லை" என்றார். அவர் கூறியதில் பொய் யாதும் இல்லை. அப்புடவை எரிக்கப்பட்டு, வெள்ளி மட்டும் பிரித்தெடுக்கப்படும் என்பது வீட்டார் அனைவரும் அறிந்ததே. ஆயினும் எம் அத்தையார், புடவையைக் கொடுப்பதற்கு முன்னர், கரையில் ஒரு சாண் அளவைக் கத்தரித்துத் தம் மடியில் முடிந்துகொண்டார். அந்த ஒரு சாண் கரை என்னவாயிற்று என்பதைக் கட்டுரையின் முடிவிற் கூறுவோம்.

ஒரு பொருளின் மதிப்பு அதன் மூலப்பொருளில் உள்ளதா, அன்றி அதனைச் செய்த கையில் உள்ளதா என்பதே அன்று எம் உள்ளத்தில் எழுந்த வினா. உலக சரித்திரத்தில் இவ்வினாவுக்கு இருவேறு தேசத்தார் இருவேறு விதமாக விடை கண்டிருக்கின்றனர். முதலாவது பிரான்சு, இரண்டாவது ஜப்பான்.

பிரான்சு தேசத்து விருத்தாந்தத்தை அறிதற்குச் சரிகை இன்னதென்பதை முதலில் நினைவூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, அதனைத் தட்டையாக்கி, பட்டுநூலின்மீது சுற்றி, பொன்முலாம் பூசினால் அது சரிகையாகும். வெளியே உலோகம், உள்ளே நூல். ஐரோப்பிய அரசவைகளில் வழங்கிய பொன்சரிகைப் பட்டிகளும் குஞ்சங்களும் இவ்விதமாக அமைந்தவையே. பிரபுக்களின் அங்கிகள், படைத்தலைவர்களின் தோளணிகள், திரைச்சீலைகள், நாற்காலி விளிம்புகள் ஆகிய யாவற்றிலும் இவை தைக்கப்பட்டிருந்தன.

1770-களில் பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளிடையே ஒரு விநோதப் பொழுதுபோக்கு பரவிற்று. அதற்குப் பர்ஃபிலாஜ் என்று பெயர். பழைய சரிகைப் பட்டியை எடுத்து, இழை இழையாகப் பிரித்து, உள்ளேயிருக்கும் பட்டை எறிந்துவிட்டு, மேலே சுற்றியிருந்த பொன் வெள்ளித் தகட்டை மட்டும் திரட்டிப் பொற்கொல்லரிடம் விற்பதே இத்தொழில். இதற்கெனச் சிறு கத்தரி, ஊசி முதலியன அடங்கிய அழகிய பைகளும் பேழைகளும் உண்டு. விருந்துக்குச் செல்லும்போதும் அவற்றை உடன்கொண்டு செல்வர். ஆரம்பத்தில் வீட்டிலுள்ள பழஞ்சரிகையே போதுமாயிருந்தது. நாளடைவில் ஆசை மிகுந்து, சபையில் வந்தமர்ந்த ஆடவரின் புதிய அங்கியிலுள்ள சரிகையையும் கேட்டுப் பறிக்கலாயினர். அதற்கும் அப்பால் ஒரு படி சென்று, பிரிப்பதற்கென்றே பொன்னிழையால் பொம்மைகளைச் செய்து கடைகளில் விற்றனர். சீமான்கள் அவற்றை வாங்கிப் பரிசளித்தனர். ஒரு கைவினைஞன் பாடுபட்டுச் சுற்றிய இழையை மற்றொரு கை பாடுபட்டுப் பிரிக்கின்றது. இடையில் அழகிய பொருள் ஒன்று அழிகின்றது. இதனினும் வீண் உழைப்பு வேறு உண்டோ?

இவ்வழக்கத்தை அக்காலத்திலேயே கண்டித்தவர் ஒருவர் உண்டு. அவர் மதாம் தெ ழான்லிஸ் (1746–1830) என்னும் எழுத்தாளர். பிற்காலத்தில் பிரான்சின் அரசராக விளங்கிய லூயி பிலிப்புக்கு இளமையில் ஆசிரியையாக இருந்தவர். 1782-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கல்விநூல் ஒன்றில், பிறர் ஆடையின் சரிகையைப் பறித்து விற்றல் உயர்குடி மகளிர்க்கு இழிவு என்று இடித்துரைத்தார். இருந்தும் இப்பழக்கம் முற்றும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்திலும் அது வேறொரு பெயருடன் தொடர்ந்தது. 1831-இல் பெல்ஜியர்களின் முதலாம் அரசராக முடிசூடிய லெயப்போல்ட் இளவரசர், அதற்கு முன்னர் இங்கிலாந்தில் வசித்த நாட்களில், மணிக்கணக்காக அமர்ந்து சரிகை பிரிப்பதில் பெருவிருப்பம் உடையவராயிருந்தார். பெருஞ்செல்வத்திற் பிறந்தோரும் ஆடையிலிருந்து எடையையே தேடினர் என்பது இதனால் விளங்கும்.

இது நிற்க. இனி, எடையைத் தேடாது வடிவைத் தேடிய தேசத்தின் சரித்திரத்தைக் காண்போம்.

ஜப்பானிய மகளிரின் பழைய அணிமுறை நம் நாட்டு முறைக்கு முற்றும் மாறானது. காதோலை, மூக்குத்தி, கழுத்தணி, கைவளை என்று நாம் மேனியெங்கும் அணிந்துகொள்ளும் நகைகள் பல நூற்றாண்டுகளாக அங்கே வழக்கில் இல்லை. அவர்களுடைய அணிகலன் அனைத்தும் கூந்தலிலேயே குடிகொண்டிருந்தன. சீப்பும், குறுக்கே செருகும் கோலும், ‘கன்சாஷி’ எனப்படும் கொண்டை ஊசியுமே அவர்களுக்கு நகை. எடோ காலம் என வழங்கும் 1603 முதல் 1868 வரையிலான காலப்பகுதியில், கூந்தலை வாரி உயர்த்திப் பலவகைக் கொண்டைகளாக முடியும் வழக்கம் வளர்ந்தது. அதனுடன் கன்சாஷியும் வளர்ந்தது. செல்வர் வீட்டு மகளிர் வெள்ளியாலும் ஆமையோட்டாலும் அரக்குப் பூச்சினாலும் செய்தவற்றை அணிந்தனர்.

அக்காலத்தில் ஜப்பானை ஆண்ட ஷோகுன் அரசாங்கத்தார், வணிகர்கள் பொருள் மிகுந்து போர்வீரர் வகுப்பினரினும் பகட்டாக உடுப்பதைப் பொறாதவராய், அடிக்கடி ஆணைகள் பிறப்பித்தனர். 1683-ஆம் ஆண்டில் பொன்சரிகை, பூத்தையல், நம் சுங்கடியை ஒத்த முழுமுடிச்சுச் சாயவேலை ஆகியவை மகளிர் ஆடையில் விலக்கப்பட்டன. பின்னர் 1787 முதல் 1793 வரையில் மத்ஸுதைரா சதநோபு என்னும் அமைச்சரும், 1841 முதல் 1843 வரையில் மிஸுநோ ததகுனி என்னும் அமைச்சரும் நடத்திய சீர்திருத்தங்களில், ஆடம்பரப் பொருள்கள்மீது கட்டுப்பாடு மிகக் கடுமையாயிற்று. விலையுயர்ந்த தலையணிகளும் அதற்குத் தப்பவில்லை.

இத்தகைய காலத்திலேதான் துணியாற் செய்த தலையணி நகரத்தாரிடையே செல்வாக்குப் பெற்றது. அதற்குத் ‘த்சுமாமி’ வேலை என்று பெயர். அச்சொல்லுக்குக் கிள்ளுதல் என்பது பொருள். இவ்வணியில் நிறுத்துப் பார்க்கப் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. உள்ளது ஒரு துணிச்சதுரமும் அதனை மடித்த விரலுமே.

மூலப்பொருளுக்கும் குறைவில்லை. ஜப்பானியரின் கிமோனோ ஆடை ஏறத்தாழ 14 அங்குல அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளினின்று நேர்கோடாக வெட்டப்படுவது. வளைவாக வெட்டும் வழக்கம் இன்மையால், புதுத் துணியிற் கழிவு மிகக் குறைவு. அழுக்கேறினால் தையலைப் பிரித்துத் துண்டுகளாகவே துவைத்து, நீட்டி உலர்த்தி, மறுபடியும் தைப்பர். தாயின் ஆடை மகளுக்காகும், மகளுடையது குழந்தைக்காகும், அதன்பின் பையாகும், உறையாகும், ஒட்டுத்துணியாகும். எடோ நகரில் பழந்துணி வாணிகமே பெரியதொரு தொழிலாக நடந்தது. இங்ஙனம் துணியின் கடைசி அங்குலம் வரை மதித்த மக்கள், ஓர் அங்குலச் சதுரத்திலும் ஒரு மலரைக் கண்டதில் வியப்பில்லை. கியோத்தோ அரண்மனை மகளிர் பழைய பட்டாடைகளின் துண்டுகளைக் கொண்டு மலர் செய்யத் தொடங்கியதே இக்கலையின் தோற்றம் என்று அக்கைவினைஞரிடையே ஒரு மரபுரை வழங்குகின்றது. பின்னர் அது கடைத்தெருவுக்கு வந்தது. நிறம் நன்றாகவும் விலை எளிதாகவும் இருந்தமையால், எடோவுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது வீட்டுப் பெண்களுக்கென வாங்கிச்செல்லும் பொருளாகவும் ஆயிற்று.

செய்யும் விதத்தையும் நம் சகோதரிகளின் பொருட்டுச் சிறிது கூறுவோம். மெல்லிய பட்டை வேண்டிய நிறத்திற் சாயமேற்றிச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்வர். ஒரு சதுரத்தை இடுக்கியாற் பற்றி, மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணமாகும். அதனை மீண்டும் பாதியாகவும், மறுபடியும் ஒருமுறை பாதியாகவும் மடித்தால் கூரிய இதழ் கிடைக்கும்; செவ்வந்திப் பூவுக்கு இது உரியது. முதல் முக்கோணத்தின் இரு ஓர முனைகளையும் உச்சியோடு சேர்த்துப் பின்புறம் மடக்கினால் உருண்ட இதழ் கிடைக்கும். பிளம் மலருக்கு அது உரியது. இவ்விரண்டு மடிப்புகளே இக்கலைக்கு அடிப்படை. மடித்த இதழ்களை, அரிசிப்பசை தடவிய பலகையின்மீது வரிசையாக நிறுத்தி, பசை ஊறியபின் எடுத்து, சிறிய காகித வட்டத்தின்மீது ஒவ்வொன்றாக ஒட்டி மலராக்குவர். ஊசியும் நூலும் இதழுக்கு வேண்டுவதில்லை. மலர்களைக் கம்பியிற் கட்டி, பட்டுநூலாற் சுற்றி, ஊசியிற் பொருத்தினால் அணி முடிந்தது. பசை மிகுந்தால் பட்டில் கறை படியும். குறைந்தால் இதழ் உதிரும். ஓரிதழ் சாய்ந்தாலும் மலர் முழுவதும் கோணும்.

கியோத்தோவில் ஆடல்பாடல் பயிலும் ‘மைகோ’ என்னும் இளமங்கையர் இன்றும் இவ்வணிகளை மாதத்திற்கொன்றாக மாற்றி அணிகின்றனர். பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் மஞ்சட் கடுகுமலர், ஏப்ரலில் செர்ரி, மே மாதத்தில் கொடியிலிருந்து தொங்கும் ஊதா மலர், அக்டோபரில் செவ்வந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை என்று முறை வகுத்திருக்கின்றனர். முதலாண்டுப் பயிற்சியிலுள்ள பெண்ணின் அணியில் மலர்ச்சரம் முகத்தருகே தொங்கும். மூத்தவளாக ஆகத் தொங்கல் இன்றி, அணியும் அடக்கமாகும். ஆகவே துணித்துண்டு ஒன்று, பருவத்தையும் அணிபவளின் நிலையையும் காண்போர்க்கு அறிவிக்கும் மொழியாயிற்று. வெறும் பொன்கட்டிக்கு இந்த மொழி உண்டோ?

இக்கலைக்கும் தாழ்வுக்காலம் வந்தது. 1868-க்குப் பிறகு மேனாட்டு நாகரிகம் புகுந்தது. 1885-இல் பழைய கனத்த கொண்டையை விட்டு எளிய மேனாட்டு முடிப்பைக் கைக்கொள்ளும்படி மகளிரைத் தூண்டுவதற்கென ஒரு சங்கமே தோன்றிற்று. கொண்டை போயின் கொண்டை ஊசிக்கு இடமேது? நாளடைவில் த்சுமாமி அணி, திருமணத்திற்கும், மூன்று வயதும் ஏழு வயதும் நிறைந்த சிறுமிகளை நவம்பர் மாதத்தில் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் விழாவுக்கும் உரிய பொருளாகச் சுருங்கிற்று. எனினும் சிலர் அதைக் கைவிடவில்லை. 1982-ஆம் ஆண்டில் தோக்கியோ மாநகர அரசாங்கம் இதனைத் தன் மரபுக் கைத்தொழில்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. இக்காலத்தில் இல்லத்தரசிகள் பலர் பழைய கிமோனோத் துண்டுகளைக் கொண்டு காதணி, மார்பூசி முதலியவற்றையும் இதே மடிப்புமுறையிற் செய்துவருகின்றனர்.

அயல்நாட்டுக் கதையோடு நில்லாது நம் பாரத நாட்டையும் சிறிது நோக்குவோம். வடநாட்டில் பட்வா என்னும் வகுப்பார், பொன்மணிகளையும் முத்துக்களையும் பட்டுநூலிற் கோத்து, முடிச்சிட்டு, குஞ்சம் கட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்டவர். பொற்கொல்லன் செய்த மணி, பட்வாவின் நூலின்றிக் கழுத்தில் ஏறாது. ராஜஸ்தானத்தில் ‘கோட்டா’ என்னும் சரிகை நாடாவை இலையாகவும் இதழாகவும் மடித்து ஆடையில் தைப்பர். முற்காலத்தில் அந்நாடா பொன் வெள்ளித் தகட்டால் நெய்யப்பட்டது. பின்னர் முலாம் பூசிய செம்பாயிற்று. இன்று பெரும்பாலும் செயற்கை இழையே. ஆயினும் மடிக்கும் முறை மாறவில்லை. அந்த நாடாவையே மடித்துச் செய்த நெற்றிச்சுட்டியும் கழுத்தணியும் மஞ்சள் பூசும் சடங்கன்று மணப்பெண்ணுக்கு அணியாகின்றன. உலோகத்தின் விலை பொன்னிலிருந்து வெறுந்தாள் அளவுக்கு இறங்கியும், அணியின் அழகு இறங்கவில்லை என்றால், அழகு உலோகத்தில் இல்லை என்பது வெளிப்படையன்றோ?

நம் தமிழகத்துச் சடைக்குஞ்சலம் இதற்கு மற்றொரு சான்று. கருநூலைத் திரித்து, நுனியிற் சரிகை சுற்றிய குமிழ்களை வைத்துக் கட்டிய இவ்வணியை நம் தாய்மார் அனைவரும் அறிவர். அது நூலேயன்றி வேறில்லை. ஆயினும் மணப்பெண்ணின் பின்னலும், நாட்டியமாடும் மங்கையின் பின்னலும் அதனையின்றி நிறைவு பெறுவதில்லை. சில ஆண்டுகளாக நம் பெண்கள் வளையங்களின்மீது பட்டுநூலைச் சுற்றி வளையலும் ஜிமிக்கியும் செய்வதும், ரவிக்கை தைத்து மிஞ்சிய துணியில் பொத்தான் போன்ற பதக்கம் அமைத்து மாலை கோப்பதும் பரவிவருகின்றன. இவை புதுமைபோற் தோன்றினும் குஞ்சலத்தின் உறவினமே.

இங்கேதான் நாம் சொல்லவந்த முக்கிய விஷயம் உள்ளது. நம் உறவினருள் ஒரு சகோதரி, கணவர் மறைந்தபின் இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு, தையற்கடைகளில் வெட்டுத்துணி வாங்கி இத்தகைய மாலைகளைச் செய்து விற்றுவந்தார். வாங்க வந்த நம்மவரே, "கடையில் சும்மா கிடைக்கிற துணிதானே அம்மா, இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்டனர். அவர் நாணி விலையைக் குறைத்தார், பின்னும் குறைத்தார், கடைசியில் நூலுக்கும் பசைக்கும் பஸ் கட்டணத்திற்குமே வரவு சரியாகிவிட, அவ்வேலையையே விட்டுவிட்டார். அவருடைய விரல்களில் இருந்த வித்தை இப்போது யாருக்கும் பயனின்றிக் கிடக்கின்றது. அன்று விலை கேட்டவர்களுள் நாமும் ஒருவராக நின்றோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றோம்.

அவ்வாறு கேட்டது, பழஞ்சரிகை வியாபாரியின் தராசைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டதேயாகும். வியாபாரிக்கு அத்தராசு தொழில். நமக்கு அது தகாது. ஒரு மலருக்கு முப்பது இதழ் எனக் கொள்வோம். இதழ் ஒன்றை மடித்து ஒட்ட ஒரு நிமிஷம் என்றால் மலருக்கு அரைமணி நேரம் ஆகும். ஐந்து மலர் கொண்ட அணிக்கு இரண்டரை மணி. கோப்பதற்கும் கட்டுவதற்கும் பின்னும் அரைமணி. மூன்று மணிநேரம் ஒரு தச்சரோ கொத்தரோ வேலை செய்தால் நாம் கூலி கொடுக்கின்றோம். "மரம் உம்முடையதன்று, மணல் உம்முடையதன்று" என்று கூறிக் கூலியைக் குறைப்பதில்லை. பெண்ணின் கைவேலைக்கு மட்டும் துணியின் விலையைக் காட்டிக் கூலியை மறுத்தல் எந்த நியாயம்? துணி கழிவாக இருக்கலாம், கூலி கழிவாகாது.

ஆதலால் நம் சங்கத்து மகளிர்க்கு ஒன்று சொல்லுவோம். இவ்வகை அணி செய்வோர், செலவான பொருளோடு செலவான நேரத்தையும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து, இரண்டையும் சேர்த்தே விலை சொல்லுக, சொல்வதற்கு நாணற்க. ஆடவர்க்கும் ஒன்று சொல்லுவோம். வீட்டுப் பெண்கள் துணித்துண்டுகளைச் சேர்த்துவைத்தால், குப்பையென்று எறியாதீர். அவர்கள் செய்த பொருளை விலைக்கு வாங்கும்போது மூலப்பொருளை நிறுத்துப் பார்க்காதீர்.

இனி, அந்த ஒரு சாண் கரையைப் பற்றி. எம் அத்தையார் அதனை ஐந்து மலர்களாக மடித்து, கருநூலிற் கட்டி, பேத்திக்கு ஒரு சடையணி செய்தார். சென்ற தை மாதத்தில் நடந்த கலியாணத்தில் அக்குழந்தை அதனை அணிந்து வந்தபோது, முதியோர் பலர் அருகழைத்து, "இது யாருடைய கூறை?" என்று வினவினர். பாட்டியாரின் பெயரைக் குழந்தை தெளிவாகச் சொல்லிற்று. புடவையை விற்று வந்த பணம் அந்த மாதத்து மளிகைக் கணக்கிலேயே கரைந்துவிட்டது; கரையோ இன்னும் இருக்கின்றது, பாட்டியாரின் பெயரோடு.